பதில் இல்லாத சங்கீதம்

போன கிழமை தமிழ்க் கடைக்கு ரெலிபோன் எடுத்து முருங்கைக்காய் வந்திட்டுதோ எண்டு கேட்டன். "ஓம் அண்ணை, வந்திருக்கு. எத்தினை கட்டு எடுத்து வைக்க?" எண்டான் கடைக்காரப் பொடியன். நான் அண்ணை இல்லையடா, அக்கா எண்டு சொல்ல வாயெடுத்திட்டு விட்டிட்டன். ஆருக்கெண்டு விளங்கப்படுத்திறது? இரண்டு கட்டு எடுத்து வை தம்பி எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். பேந்து குசினிக் கதிரையிலே இருந்து சிரிச்சன். சிரிப்புக்கும் எனக்கு இப்ப சத்தம் இல்லை.

இந்தத் தொண்டை வருத்தம் வந்த ஆக்கள் எங்கட சனத்துக்குள்ளை இன்னும் இருப்பினம். வெளியிலே சொல்ல மாட்டினம். அவைக்குத்தான் இதை எழுதுறன். ஆறுதல் வேணுமெண்டால் வேறை ஆரிட்டையாவது போங்கோ. நடந்ததைச் சொல்ல மட்டும்தான் எனக்குத் தெரியும்.

என்ர பெயர் ரெஜினா. மன்னார்ப் பக்கம். இப்ப பிராண்டே எண்ட டெனிஷ் ஊரிலே இருக்கிறன், வயசு போனவையைப் பராமரிக்கிற இல்லத்திலே வேலை. என்ர மனுசன் சிவபாலன் காற்றாலை இறக்கை செய்யிற தொழிற்சாலையிலே நிக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், நான் வேதக்காரி. ஒரே மகள், அனுஷா, ஓடென்ஸவிலே வேலை. நான் தமிழிலே கேட்டால் அவள் டெனிஷிலே பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போச்சு.

மாதத்திலே ஒரு ஞாயிறு ஹோர்சன்ஸிலே தமிழ்ப் பூசை. அனுஷா பிறக்க முந்தியிருந்தே அதிலே பதிலுரைப் பாடல் பாடுறது நான்தான். முதல் வாசகம் முடிய ஒராள் முன்னுக்கு வந்து சங்கீதத்தை வரி வரியாப் பாட, சனம் எல்லாம் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பதிலாச் சொல்லும். சங்கீதமெண்டால் வேதாகமத்துக்குள்ளை இருக்கிற நூற்றைம்பது பாட்டு. புதுப் புத்தகத்திலே திருப்பாடல் எண்டு போட்டிருக்கினம், எங்கட வாயிலே சங்கீதம்தான் வரும்.

இவர் என்னைக் கோயில் வாசலிலே இறக்கிவிட்டிட்டு, தேத்தண்ணிப் போத்தலோடையும் தமிழ் ரேடியோவோடையும் காருக்குள்ளையே இருப்பார். "உள்ளுக்கை வாங்கோவன், குளிருக்கை என்னத்துக்கு இருக்கிறியள்?" எண்டால், "நான் வந்தால் உங்கட ஆண்டவர் ஆரடா இந்தப் புது ஆள் எண்டு கேப்பார்" எண்டு பகிடி விடுவார். ஆனால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைச்சிருப்பார். நான் பாடுறது கேக்கவேணுமெண்டுதான். அதை அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

ஒண்டு சொல்லவேணும். எனக்குச் செபிக்கத் தெரியாது. செபமாலை பிடிச்சால் மூண்டாவது பத்திலே நித்திரை தூங்கும். ஆண்டவரோடை எனக்கு இருந்த ஒரே கதைபேச்சு அந்தப் பாட்டுத்தான். குரல் எழும்பேக்கை அவர் கேக்கிறார் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். வேறை எந்த நேரமும் தெரியாது. அப்பிடிப்பட்ட எனக்குத்தான் தொண்டையிலே இந்த வருத்தம் வந்தது.

பிழை தவக்காலத்திலே நடந்தது. மார்கழியிலேயே குரல் கரகரக்கத் தொடங்கிட்டுது. தடிமன் எண்டு நினைச்சன். தை போய் மாசி வந்து, தவக்காலம் தொடங்கிற விபூதிப் புதனும் வந்திட்டுது. விழுங்கேக்கை ஒரு பக்கக் காதுக்குள்ளை ஊசி குத்தினமாதிரி ஒரு நோ. தவக்காலத்திலே எங்கட ஆக்கள் மச்சம் மாமிசத்தை விடுறதோடை நிக்க மாட்டினம். வாற நோ நொடியையும் ஒப்புக்கொடுப்பினம். தலையிடிச்சால் குளிசை போடாமல், இதை உம்முடைய பாடுகளோடை சேர்த்து ஏற்றுக்கொள்ளும் எண்டு காணிக்கையாக் குடுக்கிறது. நானும் தொண்டை நோவை ஒப்புக்கொடுத்தன். சிலுவைப் பாதைக்குப் பாட்டு, பெரிய வெள்ளிக்குப் புலம்பல், எல்லாம் முடியட்டும், உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு டொக்டரிட்டைப் போவம் எண்டு வைச்சுக்கொண்டன். எங்கட செபக்குழுவை நடத்திற ஞானம் அக்காவும், "பாட்டுக்காரருக்கு இது வாறதுதான் ரெஜினா, ஈஸ்டரோடை போயிடும்" எண்டு கற்கண்டும் மிளகும் தந்தவ. நல்ல மனசோடைதான் தந்தவ.

பெரிய வெள்ளி அண்டைக்குப் புலம்பல் பாட்டின்ர நடுவிலே குரல் அறுந்து போச்சு. வாய் திறந்திருக்கு, ஒண்டும் வரேல்லை. சனம் நான் அழுகிறன் எண்டு நினைச்சு தாங்களும் அழுதுதுகள். இவர் மட்டும் காரைவிட்டு இறங்கி வாசலுக்கு வந்து நிண்டிருக்கிறார். லீவு முடிஞ்ச அண்டைக்கு என்னைக் கேளாமலே டொக்டருக்கு ரெலிபோன் அடிச்சு நேரம் எடுத்திட்டார்.

காது மூக்குத் தொண்டை டொக்டர் மூக்குக்குள்ளாலை நூல் மாதிரி ஒரு குழாயை விட்டார். நுனியிலே கமரா. நோகாது, மூக்கு எரிஞ்சு கண்ணாலை தண்ணி வரும், அவ்வளவுதான். "ஈ எண்டு சொல்லுங்கோ" எண்டார். சொன்னன். இன்னொருக்காச் சொல்லச் சொன்னார். பேந்து குழாயை எடுத்துப்போட்டு, கையைக் கழுவி, துடைச்சு, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தார். முதியோர் இல்லத்திலே வேலை செய்யிறவள் நான். டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்தால் என்ன அர்த்தமெண்டு எனக்குத் தெரியும்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?" எண்டு கேட்டார். அனுஷாவும் கூட வந்திருந்தவள். தவக்காலம், ஒப்புக்கொடுத்தல், பெரிய வெள்ளி எண்டு நான் தமிழிலே சொல்லச் சொல்ல, அவள் என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு டொக்டரிட்டை டெனிஷிலே, "அம்மாவுக்கு நேரம் கிடைக்கேல்லை" எண்டு மட்டும் சொன்னாள்.

இஞ்சை கான்சர் சந்தேகமெண்டால் எல்லாச் சோதினையையும் வரிசையா ஒண்டாக் கட்டித் தந்துவிடுவினம், நாங்கள் ஒண்டுக்கும் அலையத் தேவையில்லை. அதுக்குக் கான்சர் 'பக்க' எண்டு பேர். பக்க எண்டால் டெனிஷிலே பொதி. நத்தார்ப் பரிசுக்கும் அதுதான் சொல்லு. பெரிய ஆஸ்பத்திரியிலே மயக்கிப்போட்டுத் தொண்டைக்குள்ளை துளி சதை வெட்டி எடுத்தவை. கையிலே மருந்து ஏத்தி, ஒரு வளையத்துக்குள்ளை படுக்கவிட்டு உடம்பு முழுக்கப் படம் பிடிச்சவை, வேறை இடத்துக்குப் பரவியிருக்கோ எண்டு பாக்க. காசொண்டும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேணும்.

காத்திருக்கிற அறையிலே ஒரு மேசை. அதிலே பாதி பொருத்தின படத்துண்டு விளையாட்டு, கடலும் வானமும். வாறவை போறவை எல்லாம் தங்கட பேர் கூப்பிடுமட்டும் துண்டு தேடிக்கொண்டிருப்பினம். இவரும் தேடினார். வானத்திலே ஒரு நீலத் துண்டைப் பொருத்திப்போட்டு, பெரிய சாதனை மாதிரி என்னைப் பாத்தார். எனக்கு அந்த மேசையைத் தூக்கி எறியவேணும் போலை இருந்தது. உள்ளுக்குள்ளை நான் நடுங்கிக்கொண்டிருக்கிறன், இவர் வானம் பொருத்திறார்!

சத்திரசிகிச்சை டொக்டர் பொம்பிளை. ஒரு தாளிலே கழுத்தைக் கீறிக் காட்டினா. குரல்வளை முழுக்க எடுக்கவேணும், கட்டி குருத்தெலும்பைத் தாண்டிட்டுது. மூச்சு இனிமேல் மூக்காலையும் வாயாலையும் இல்லை, கழுத்திலே போடுற ஓட்டையாலை. சாப்பாடு வாயாலைதான், ஆனால் மணம் பெரிசாத் தெரியாது, ஏனெண்டால் மூக்குக்குள்ளாலை காத்துப் போகாது. பேந்து சின்ன வால்வு ஒண்டு வைப்பம், ஓட்டையை விரலாலை பொத்தினால் கதைக்கலாம், பழகவேணும் எண்டா.

"பாடலாமோ?" எண்டு கேட்டன்.

அவ பேனையை மேசையிலே வைச்சா. "இல்லை" எண்டு டெனிஷிலே சொன்னா. ஒரே ஒரு சொல்லு. பக்கத்திலே இருந்த அனுஷா மொழிபெயர்க்கேல்லை. எனக்கு அது விளங்காமல் போகுமோ? இந்த நாட்டுக்கு வந்து முதல் படிச்ச சொல்லே அதுதான்.

வீட்டை போற வழியெல்லாம் றோட்டுக்கு இரண்டு பக்கமும் கடுகுப் பூ மாதிரி மஞ்சள் வயல். எனக்கு அந்த மஞ்சளைப் பாக்கப் பாக்க ஆத்திரமா வந்தது. ஆண்டவரே, நான் உமக்கு ஒப்புக்கொடுத்தது நோவை. நீர் எடுத்தது குரலை. ஆர் உம்மிட்டைக் குரலை எடுக்கச் சொன்னது? இதைத்தான் கார் வீட்டை வந்து சேருமட்டும் மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு வந்தன். அதுக்குப் பிறகு சொல்லேல்லை. எங்கட குடும்பங்களிலே கோவமெண்டால் கதை நிப்பாட்டுவம் பாருங்கோ, ஒரே வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு முகம் பாராமல், அப்பிடி நான் ஆண்டவரோடை கதையை நிப்பாட்டினன். கழுத்துச் சங்கிலியிலே கிடந்த சிலுவையையும் கழட்டி மேசை லாச்சிக்குள்ளை போட்டன். எப்பிடியும் ஆஸ்பத்திரியிலே கழட்டச் சொல்லுவினம் எண்டு இவரிட்டைச் சொன்னன்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் அனுஷா ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்டைக்கு வழமைக்கு மாறாத் தமிழிலே, "அம்மா, ஏதாவது பாடுங்கோ, நான் பதிஞ்சு வைக்கிறன்" எண்டாள்.

"என்னத்துக்கு? செத்த வீட்டிலே போடவோ?" எண்டு எரிஞ்சு விழுந்தன். அவள் ரெலிபோனை மடியிலே வைச்சிட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தாள். பாடியிருக்கலாம். பாடேல்லை. இப்ப அவளிட்டை இருக்கிற என்ர குரல், முந்தி எப்பவோ நான் அனுப்பின ஒரு செய்தி மட்டும்தான். "பிள்ளை, சாப்பிட்டியோ? மழை எண்டு சொல்லுறான், குடை கொண்டு போ." அதை அழியவிடாமல் வைச்சிருக்கிறாள்.

கண் முழிச்சபோது மூக்குக்குள்ளாலை சாப்பாட்டுக் குழாய், கழுத்திலே ஓட்டை, தோளிலிருந்து தோள்வரை தையல். சளி அடைச்சால் நேர்ஸ் வந்து சின்னக் குழாயாலை உறிஞ்சி எடுப்பா. அந்த நேரம் மூச்சு நிண்டு போறமாதிரி இருக்கும், பயப்பிடாதேங்கோ, நிக்காது. கையிலே ஒரு வெள்ளைப் பலகையும் பேனையும் தந்திருந்தவை. நான் முதல் எழுதினது 'தண்ணி'. இரண்டாவது எழுத ஒண்டும் இருக்கேல்லை. அழுகை வந்தது. அழத்தான் தெரிஞ்சுது, சத்தம் இல்லை. காத்து கழுத்தாலை புஸ் புஸ் எண்டு போகுது, கண்ணாலை தண்ணி போகுது, நடுவிலே ஒண்டுமில்லை. அழுகைக்கு அரைவாசி சத்தம்தானே? அது இல்லாத அழுகை முடியவே முடியாது. நேர்ஸ் தலையைத் தடவிப்போட்டுப் போட்டா, பாவம், அவவுக்குக் கேட்டிருந்தால் கொஞ்சம் கூட நிண்டிருப்பா.

கொஞ்சம் எழும்பி இருக்கத் தொடங்கின நாள் செபக்குழு வந்தது. ஞானம் அக்காவும் இன்னும் இரண்டு பேரும். பூ, ஜூஸ் பெட்டி. எனக்குக் குடிக்க ஏலாது எண்டது அவைக்குத் தெரியாது. ஞானம் அக்கா கட்டிலுக்குக் கிட்ட நிண்டு மேய்ப்பனும் பசும்புல்லும் வாற சங்கீதத்தை வாசிச்சா. ஆருக்குத்தான் அது பிடிக்காது? நானே எத்தினை தரம் பாடியிருக்கிறன். ஆனால் அண்டைக்கு ஒவ்வொரு வரியும் தையலிலே பட்டது. முடிச்சிட்டு அவ, "கண்ணீர் விடக்கூடாது ரெஜினா. இது விசுவாசத்துக்கு வாற சோதினை. நன்றி சொல்லு, எல்லாத்துக்கும் நன்றி சொல்லு. சுகமாகி வந்து சாட்சி சொல்லோணும், என்ன?" எண்டா.

நான் பலகையை எடுத்து 'போங்கோ' எண்டு எழுதினன்.

அவ வாசிச்சா. முகம் சுருங்கிப்போச்சு. இவர்தான் எழும்பி, "அக்கா, அவ களைச்சுப் போனா, குறை நினையாதேங்கோ" எண்டு அவையை லிஃப்ட் மட்டும் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வந்தார். ஞானம் அக்கா போற அவசரத்திலே புத்தகத்தைக் கட்டிலிலே விட்டிட்டுப் போட்டா. இவர் அதைக் கையிலே எடுத்து, சுத்திச் சுத்திப் பாத்து, "உதுதான் நீர் பாடுற புத்தகமோ?" எண்டார். தலையாட்டினன். "நான் வாசிக்கட்டோ? சும்மா, பொழுது போகத்தான்."

வேண்டாமெண்டு எழுதப் பலகையைத் தேடினன், அது கீழை விழுந்து கிடந்தது. இவர் ஓம் எண்டு எடுத்துக்கொண்டு முதலாவது சங்கீதத்திலேயிருந்து தொடங்கிட்டார்.

இதிலே ஒரு விசயம் சொல்லவேணும். பூசையிலே நாங்கள் பாடுறது முழுச் சங்கீதம் இல்லை. அந்த ஞாயிறுக்கெண்டு தெரிஞ்செடுத்த நாலைஞ்சு வரிதான். சாபம் போடுற வரி, சண்டை பிடிக்கிற வரி எல்லாம் அனேகமா வராது. இத்தினை வருசம் பாடின நானும் எனக்குத் தந்த வரியைப் பாடினதோடை சரி, மிச்சத்தை எட்டிப் பாத்ததில்லை. இவருக்கு உந்தக் கதை ஒண்டும் தெரியாது. இவர் சைவம். பதிகமெண்டால் முதலிலேயிருந்து கடைசிமட்டும் படிச்சு முடிக்கவேணும், நடுவிலே விட்டால் குற்றம். அப்பிடியே ஒரு வரியும் விடாமல், வேலை முடிஞ்சு வாற பின்னேரமெல்லாம், யன்னலோரக் கதிரையிலே இருந்து வாசிச்சார். ரசத்தை வடிச்சு ஃபிளாஸ்கிலே கொண்டு வந்து, நேர்ஸிட்டைக் கேட்டு என்ர உதட்டை அதாலை நனைச்சுப்போட்டுத்தான் தொடங்குவார்.

இராத்திரி முழுக்க அழுது படுக்கை நனைஞ்சு போச்சு எண்டு ஒருத்தன் சொல்லுறான். இன்னும் எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் எண்டு இன்னொரு பாட்டிலே கேக்கிறான், கேள்வி கேக்கிற முறையிலே இல்லை, கடன்காரனைக் கேக்கிறமாதிரி. ஒரு பாட்டிலே எதிரியின்ர பல்லை உடைச்சு விடும் எண்டு ஆண்டவரிட்டையே கேக்கிறான். இவர் வாசிக்கிறதை நிப்பாட்டி, "உங்கட ஆக்கள் இப்பிடியும் கேப்பினமோ? நான் நினைச்சன் நீங்கள் எல்லாம் மறு கன்னத்தைக் காட்டுற ஆக்களெண்டு" எண்டார். சிரிப்பு வந்து, அது இருமலாகி, நேர்ஸ் ஓடி வந்து, இவருக்குப் பேச்சு விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நான் சிரிச்ச முதல் சிரிப்பு அது.

ஒரு நாள், தண்ணி கழுத்துமட்டும் வந்திட்டுது எண்டு தொடங்கிற பாட்டு. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு காய்ஞ்சு போச்சு எண்டு அடுத்து வருகுது. இவர் அந்த வரியை வாசிச்சிட்டு நிண்டார். என்னைப் பாக்கேல்லை. யன்னலாலை வெளியிலே சைக்கிள் நிப்பாட்டுற இடத்தைப் பாத்துக்கொண்டிருந்திட்டு, அதே வரியைத் திரும்ப ஒருக்கா வாசிச்சார். நான் பலகையிலே 'நான்' எண்டு எழுதினன். "ஓம்" எண்டார்.

எனக்கு அப்பதான் விளங்கினது. இந்தப் பாட்டுகளை எழுதின மனிசர் எல்லாம் ஆண்டவரோடை கோவிச்சிருக்கினம். ஆனால் கதையை நிப்பாட்டேல்லை. கத்தினாலும் அவற்ர முகத்தைப் பாத்துத்தான் கத்தினவை. நன்றி சொல்லத்தான் வேணுமெண்டு ஆரும் அவையை மிரட்டேல்லை. பயந்தவன் பயம் எண்டான், எரிஞ்சவன் எரியுது எண்டான், அதுகளை எல்லாம் அப்பிடியே எழுதி, கோயிலிலே வைச்சு, செபம் எண்டு பேர் போட்டிருக்கினம். எனக்கு ஆரும் இதைச் சொல்லித் தரேல்லை. சைவக்காரன் வரி விடாமல் வாசிச்சபடியாலை அம்பிட்டது.

எண்பத்தெட்டாவது வாசிச்ச அண்டைக்கு மழை. அதிலே ஒருத்தன் சாகக் கிடக்கிறான். விடியக் காலமை கூப்பிடுறான், பதில் இல்லை. தெரிஞ்ச சனமெல்லாம் விலகிப்போச்சு, இருட்டு மட்டும்தான் பக்கத்திலே நிக்குது எண்டு சொல்லி, அதோடை பாட்டு முடிஞ்சுது. இவர் பக்கத்தைத் திருப்பிப் பாத்தார். திருப்பித் திரும்பவும் முன்னுக்கு வந்தார்.

"என்னப்பா இது, மிச்சத்தைக் காணேல்லை. பக்கம் கிழிஞ்சு போச்சோ? அச்சுப் பிழையோ?"

இல்லையெண்டு தலையாட்டினன்.

"எங்கட பதிகத்திலே எவ்வளவு அழுதாலும் கடைசிப் பாட்டிலே பலன் சொல்லுவினம். இதைப் பாடினவைக்கு இன்னது கிடைக்குமெண்டு. இதிலே இருட்டெண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டுப் போறானே. ஒரு பதிலும் இல்லையே!" அவருக்கு உண்மையாவே கோவம் வந்திட்டுது. எனக்காக வந்த கோவம் எண்டு எனக்குத் தெரியும். நான் 'திரும்ப' எண்டு எழுதினன். திரும்ப வாசிச்சார். அடுத்த நாளும் அதையே கேட்டன். வீட்டை வந்த பிறகும், கதிர்ச் சிகிச்சைக்கு முகத்துக்கு அளவா வலை முகமூடி செய்து, அதோடை மேசையிலே பூட்டிப் படுக்க வைச்ச நாட்களிலேயும், காருக்குள்ளை அதையே வாசிக்கக் கேட்டன். எனக்குப் பாடமாகிட்டுது, அவருக்கும்தான்.

வால்வாலை முதல் கதைச்ச நாளைச் சொல்லிப்போடுறன். ஆஸ்பத்திரியிலே திரும்பக் கதைக்கப் பழக்கிறவ பொறுமையான ஆள். "விரலை வையுங்கோ, மூச்சை விடுங்கோ, ஆ எண்டு சொல்லுங்கோ" எண்டா. விரலை வைச்சன். மா அரைக்கிற மில்லுக்குள்ளையிருந்து வந்தமாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆரோ ஒரு வயசான ஆம்பிளை என்ர வாயாலை கதைக்கிறான். கதைக்கப் பழக்கிறவ கை தட்டினா. அனுஷா யன்னல் பக்கம் திரும்பிட்டாள். தோள் குலுங்கினதைக் கண்டன். "அனுஷா" எண்டு கூப்பிட்டன், அந்தக் குரலிலே. அவள் திரும்பி, "ஓம் அம்மா" எண்டாள். தமிழிலே சொன்னாள். எனக்கு அது போதும் எண்டு இருக்கேல்லை, ஆனால் அதாவது இருந்தது.

இப்ப மூண்டு மாதத்துக்கு ஒருக்காப் போய்க் காட்டுறன். ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லுகினம், சுகம் எண்டு சொல்ல மாட்டினம். வேலைக்கு அரை நேரம் போறன். கழுத்து ஓட்டைக்கு வடிகட்டி, அதுக்கு மேலை மெல்லிசு துணி. கறி தாளிச்சால் மணம் தெரியாது. கருகினால் இவர்தான் கத்துவார்.

கோயிலுக்குப் போகத்தான் கனநாள் எடுத்தது. அடுத்த தவக்காலம் வந்த பிறகு ஒரு ஞாயிறு, "இண்டைக்குப் போவமோ?" எண்டு நானே கேட்டன். இவர் வழமை மாதிரி வாசலிலே இறக்கிவிட்டார். நான் கடைசி வரிசை வாங்கிலே இருந்தன். ஞானம் அக்கா எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சா, ஒண்டும் சொல்லேல்லை, பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டுப் போனா. அவவிலே எனக்குக் கோவம் இல்லை.

முதல் வாசகம் முடிய, நான் நிண்ட இடத்திலே ஞானம் அக்காவின்ர மகள் வந்து நிண்டாள். நல்ல குரல். கண்ணாடி மாதிரி. நாலு வரிதான், வடிவா வெட்டின நாலு வரி. சனம் எல்லாம் பதில் பாடிச்சுது. நான் விரலைக் கழுத்துக்குக் கொண்டு போனன். இந்தக் குரல் அந்தப் பதிலுக்குள்ளை போனால் பிள்ளை குழம்பிப்போவாள். விரலை எடுத்திட்டன். அடுத்த பதிலுக்கு எழும்பி வெளியிலே வந்திட்டன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. இவற்ர கார்க் கண்ணாடி கொஞ்சம் இறங்கித்தான் கிடந்தது. நான் பாடாத கோயிலுக்கும் அந்தாள் கண்ணாடியை இறக்கி வைச்சிருக்கிறார். கதவைத் திறந்து பக்கத்திலே இருந்தன். ரேடியோவை நிப்பாட்டினார்.

"பூசை முடிஞ்சுதோ?"

இல்லையெண்டு தலையாட்டினன்.

"பிள்ளை நல்லாப் பாடினவள்" எண்டார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் நாலு வரியோடை விட்டிட்டாள். மிச்சத்தை நீர் சொல்லுமன்" எண்டார்.

"எதை?"

"உமக்குத் தெரிஞ்சதை."

விரலை வைச்சு எண்பத்தெட்டாவதைச் சொன்னன். பாடேல்லை, சொன்னன். ஒரு வரிக்கு இரண்டு தரம் மூச்செடுக்க வேண்டியிருந்தது. வால்வு கரகரக்குது, துணி நனைஞ்சு போச்சு. ஆண்டவரோடை நான் திரும்பக் கதைச்சது அண்டைக்குத்தான், கோயிலுக்குள்ளை இல்லை, காருக்குள்ளை. இருட்டு வாற கடைசி வரிக்கு வந்து, அதையும் சொல்லி முடிச்சன்.

இவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலே வைச்சபடி இருந்தார்.

"இதுக்குச் சனம் சொல்லுற பதில் வரி என்ன?"

"இல்லை" எண்டன். "இதுக்குப் பதில் இல்லை."

"அப்ப நான் சும்மா இருக்கிறன்" எண்டார்.

இருந்தார். காரை ஸ்டார்ட் பண்ணேல்லை. ரேடியோவையும் போடேல்லை. எனக்கு அழுகை வந்தது. கை பழக்கத்திலே கண்ணுக்குத்தான் போகப் பாத்தது, ஆனால் விரலைக் கழுத்திலேயிருந்து எடுக்கேல்லை. அமத்திப் பிடிச்சுக்கொண்டு அழுதன். சத்தம் வந்தது. கரகரத்த, வடிவில்லாத, ஆம்பிளைச் சத்தம், காரே அதிர்ந்தது. என்ர அழுகை எனக்குக் கேட்டது.